சோன் ஹியுங்-மின்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

கொரிய வீரர் சோன் பற்றிப் பேச்செடுத்தால் போதும், நண்பர்கள் குழுவில் அதே பத்துப் பதினைந்து சந்தேகங்கள் வரிசையாக வந்துவிடும். ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்து அலுத்துப்போய், இங்கே மொத்தமாக எழுதிவைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன. விவரங்கள் 2025 இறுதி வரையிலானவை.

யாருங்க இவரு? சுருக்கமா சொல்லுங்க.

தென்கொரியாவின் காங்வொன் மாகாணத்தில் உள்ள சுன்சொன் நகரத்துக்காரர். பிறந்தது 1992 ஜூலை 8. ஹாம்பர்க், பேயர் லெவர்குசன் என்று ஜெர்மனியில் இரண்டு அணிகள். அப்புறம் 2015 முதல் 2025 வரை பத்து ஆண்டுகள் லண்டனின் டாட்டன்ஹாம். அங்கே 454 ஆட்டங்களில் 173 கோல். 2025 ஆகஸ்டிலிருந்து அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் எஃப்சி. கொரிய தேசிய அணியின் கேப்டன், அந்த அணிக்காக அதிக ஆட்டங்கள் ஆடியவரும் இவர்தான்.

சோன்கிறது பேரா, குடும்பப் பேரா?

குடும்பப் பெயர். கொரியாவில் அதுதான் முன்னால் வரும். ஹியுங்-மின் என்பதே அவருடைய பெயர். சட்டையில் பின்னால் ‘சோன்’ என்று மட்டும் இருப்பதால் வந்த குழப்பம் இது.

அப்பாதான் கோச்சாமே? நாலு மணி நேரம் பந்தைத் தட்ட விட்டாராமே, நெசமா?

நிஜம்தான். அப்பா சோன் உங்-ஜோங் தொழில்முறைக் கால்பந்து வீரர். காயத்தால் முப்பதைத் தொடும் முன்பே ஆட்டத்தை விட வேண்டி வந்தது. தன்னிடம் அடிப்படை பலமாக இல்லை என்பது அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. அதனால் இரண்டு மகன்களையும் சின்ன வயதில் போட்டி ஆட்டங்களுக்கே அனுப்பவில்லை. வருடக்கணக்கில் பந்தைக் கட்டுப்படுத்துவது, பாஸ் கொடுப்பது, கீழே விழாமல் தட்டுவது, இவ்வளவுதான் பயிற்சி. அண்ணன் தம்பி சண்டை போட்ட ஒருநாள், தண்டனையாக நாலு மணி நேரம் பந்தைத் தரையில் விடாமல் தட்டச் சொன்னார் என்பதை சோனே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

இதைக் கேட்டுவிட்டுத் தம் பிள்ளைகளை வெயிலில் நிறுத்துகிற அப்பாக்களைப் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். அந்த வீட்டில் எடுத்துக்கொள்ள வேண்டியது கண்டிப்பு இல்லை. இரண்டு காலையும் சமமாகப் பழக்கிய பொறுமை. வலதுகாலனான மகனை இடதுகாலாலும் அதே அளவு உதைக்கவைத்தார் அந்த மனிதர். அதன் பலன் என்ன என்று கீழே விங்கர் கேள்வியில் வருகிறது.

கொரிய லீக்ல ஆடவே இல்லையா? நேரா ஜெர்மனிக்கு எப்படிப் போனார்?

கொரிய லீக்கில் ஒரு சீனியர் ஆட்டம்கூட இல்லை. எஃப்சி சியோல் அணியோடு இணைந்த பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார். கொரியக் கால்பந்து சங்கத்தின் இளைஞர் திட்டம் ஒன்றில் 2008-இல், 16 வயதில், ஹாம்பர்க் போனார். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. 2009-இல் நைஜீரியாவில் நடந்த 17 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையில் மூன்று கோல் போட்டதும் ஹாம்பர்க் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

2010 அக்டோபர் 30, கொலோன் அணிக்கு எதிராக பண்டஸ்லிகாவில், அதாவது ஜெர்மனியின் முதன்மை லீகில், முதல் கோல். அப்போது வயது 18. ஹாம்பர்க் அணிக்காக பண்டஸ்லிகாவில் கோல் போட்ட மிக இளையவர் என்ற சாதனை, மன்ஃப்ரெட் கால்ட்ஸ் என்ற பெரிய பெயரிடமிருந்து இவருக்கு மாறியது. 2012-13 சீசனில் லீகில் 12 கோல். அதைப் பார்த்து லெவர்குசன் ஒரு கோடி யூரோ கொடுத்து வாங்கியது. அங்கே போன முதல் சீசனிலேயே பழைய அணியான ஹாம்பர்க்குக்கு எதிராக ஹாட்ரிக் அடித்தது தனிக்கதை.

டாட்டன்ஹாம் வந்ததும் உடனே செட் ஆயிட்டாரா?

இல்லை. 2015 ஆகஸ்டில் 2.2 கோடி பவுண்டுக்கு வந்தார். அன்றைக்கு ஆசிய வீரர் ஒருவருக்குக் கொடுக்கப்பட்ட அதிகபட்ச விலை அது. முதல் சீசன் சுமார்தான், அடிக்கடி பெஞ்சில் உட்கார்ந்தார். 2016 கோடையில் ஜெர்மனிக்கே திரும்பும் பேச்சு முற்றியிருந்தது. பயிற்சியாளர் பொச்செட்டினோ இருக்கச் சொன்னார், இருந்தார். அந்த செப்டம்பரிலேயே இங்கிலாந்தின் முதன்மை லீகான பிரீமியர் லீகின் மாதச் சிறந்த வீரர் விருது கிடைத்தது. அதை வாங்கிய முதல் ஆசியர் இவர்.

விங்கர்னு சொல்றீங்க, ஆனா ஸ்ட்ரைக்கர் மாதிரி கோல் போடுறாரே?

எனக்குப் பிடித்த கேள்வி. ஓரக்கோட்டை ஒட்டி ஓடி, பந்தை நடுவே தூக்கிக் கொடுப்பவர் என்று விங்கரை நினைத்தால் சோன் அந்த ரகம் இல்லை. இவர் ஓரத்தில் நிற்கும் கோல்காரர். இடது ஓரம் என்பது ஓட்டம் தொடங்கும் இடம் மட்டுமே. முடியும் இடம் பெனால்டி பாக்ஸின் விளிம்பு.

ஒரு டிஃபென்டரின் இடத்தில் இருந்து பாருங்கள். எதிரே வருபவன் வலதுகாலன் என்றால் வேலை சுலபம்: உள்பக்கத்தை அடைத்து, இடதுகால் பக்கம் தள்ளிவிடலாம். சோனிடம் அது செல்லாது. பாக்ஸின் இடது முனையில் பந்தை வலதுகாலுக்கு மாற்றினால் தூரத்துக் கம்பத்தை நோக்கி வளைந்து போகும். அதை மறைத்து நின்றால், ஒரே தட்டில் வெளியே எடுத்து இடதுகாலால் கிட்டத்துக் கம்பத்தின் பக்கம் அறைவார். 2021-22 சீசனில் அவர் போட்ட 23 லீக் கோல்களில் 12 இடதுகால், 11 வலதுகால். வலதுகாலனுக்கு இப்படி ஒரு கணக்கு வருவது அபூர்வம். பாக்ஸுக்கு வெளியே அவர் சுடும் அந்த இரண்டு முனைகளையும் கொரிய ரசிகர்கள் ‘சோன் ஜோன்’ (சோனின் பகுதி) என்றே அழைக்கிறார்கள்.

குறையும் உண்டு. எதிரணி பத்துப் பேரும் பாக்ஸுக்குள் இறங்கி அடைத்துக்கொண்டால் இவர் திணறுவார். இடுக்கில் மூன்று பேரைத் தாண்டிப்போகும் வித்தைக்காரர் அல்ல. இவருக்கு முன்னால் காலி இடம் வேண்டும். டாட்டன்ஹாமில் 2023 இலையுதிர்காலத்தில் பயிற்சியாளர் போஸ்டகோக்லு இவரை நடு ஸ்ட்ரைக்கராகவே ஆட்டிப்பார்த்தார். கோல் வந்தது. ஆனாலும் ஓரத்திலிருந்து உள்ளே பாயும் சோன்தான் எனக்கு அசல் சோன்.

பர்ன்லி கோல், பர்ன்லி கோல்னு சொல்றாங்களே, அது என்ன?

2019 டிசம்பர் 7. எதிரணி பர்ன்லி. டாட்டன்ஹாம் பாக்ஸுக்கு அருகே சக வீரர் வெர்டோங்கன் பந்தைத் தட்டிவிடுகிறார். பாஸ் கொடுக்கலாம் என்று சோன் இரண்டு பக்கமும் பார்க்கிறார், யாரும் சரியாக இல்லை. சரி, ஓடிவிடுவோம் என்று ஓடுகிறார். மைதானத்தின் முக்கால்வாசி நீளம், பத்துப் பன்னிரண்டு விநாடி, வழியில் பாதி பர்ன்லி அணி. கடைசியில் கோல்கீப்பரைத் தாண்டி அலட்டாமல் உள்ளே தள்ளினார். ஆண்டின் சிறந்த கோலுக்கான ஃபிஃபா புஷ்காஷ் விருது, 2020-இல் இதற்குத்தான். முன்னால் காலி இடம் கிடைத்தால் என்ன ஆகும் என்று மேலே சொன்னதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

ஹாரி கேன் இல்லாட்டி இவர் ஒண்ணும் இல்லைன்னு சொல்றாங்களே?

சொல்கிறவர்கள் பாதிக் கணக்கைத்தான் பார்க்கிறார்கள். கேன் டாட்டன்ஹாமின் நடு ஸ்ட்ரைக்கர். ஒருவர் பாஸ் கொடுத்து மற்றவர் போட்டது என்று பிரீமியர் லீகில் இருவரும் சேர்ந்து 47 கோல்கள். செல்சியின் லாம்பார்ட்-த்ரோக்பா ஜோடியின் 36-ஐத் தாண்டிய சாதனை. அதில் சோன் கொடுத்துக் கேன் போட்டதும், கேன் கொடுத்து சோன் போட்டதும் கிட்டத்தட்டச் சரிபாதி. யார் யாரால் வாழ்ந்தார் என்று இதில் எப்படிப் பிரிப்பது?

2020 செப்டம்பரில் சவுத்தாம்ப்டனை 5-2 என்று வென்ற ஆட்டத்தைப் பாருங்கள். சோன் நாலு கோல், நாலுக்கும் பாஸ் கேன். சவுத்தாம்ப்டன் டிஃபென்டர்கள் நடுக்கோடு வரை ஏறி நின்றார்கள். கேன் பின்னால் இறங்கிப் பந்தை வாங்க, அவர் தலை நிமிரும் முன்பே சோன் ஓட ஆரம்பித்திருப்பார். அப்புறம் 2023-இல் கேன் பயர்ன் மியூனிக் போனார். அடுத்த சீசனில், கேப்டனாக, சோன் லீகில் 17 கோலும் 10 அசிஸ்டும் (கோலுக்கான கடைசி பாஸ்) எடுத்தார்.

கோல்டன் பூட்டை சலாவோட பங்கு போட்டுக்கிட்டார். அதுல என்ன அவ்ளோ பெருமை?

பிரீமியர் லீகில் ஒரு சீசனில் அதிக கோல் போட்டவருக்கான விருது அது. 2021-22-இல் சோனும் லிவர்பூலின் சலாவும் தலா 23. சோனின் 23 கோல்களில் ஒன்றுகூட பெனால்டி இல்லை. டாட்டன்ஹாமில் பெனால்டி கேனுடையது. சலாவின் 23-இல் பெனால்டியும் சேர்த்தி. விதிப்படி எல்லாக் கோலும் ஒன்றுதான், அதனால் பங்கு சரியே. ஆனால் கேட்டதால் சொல்கிறேன்.

கடைசி நாள், 2022 மே 22, நார்விச் மைதானம். ஆட்டம் முக்கால்வாசி முடிந்தும் சோனுக்குக் கோல் விழவில்லை. டாட்டன்ஹாம் ஜெயித்துக்கொண்டிருந்ததால், அணி மொத்தமும் அவருக்காகவே பந்து தேட ஆரம்பித்தது. 70-வது நிமிடம் ஒன்று, 75-இல் இன்னொன்று. இரண்டாவது, இடது பக்கத்திலிருந்து வலதுகாலால் வளைத்தது. அச்சு அசலாக அந்த ‘ஜோன்’. இந்த விருதைப் பெற்ற முதல் ஆசியர் அவர். பிரீமியர் லீகில் 100 கோலைத் தொட்ட முதல் ஆசியரும் அவரே (2023 ஏப்ரல், பிரைட்டனுக்கு எதிராக).

ராணுவத்துக்குப் போகாம எப்படித் தப்பிச்சார்?

‘தப்பிச்சார்’ என்ற சொல்லே கொஞ்சம் தப்பு. கொரியாவில் உடல்தகுதியுள்ள ஆண்கள் எல்லோரும் ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு வருடம் ராணுவத்தில் பணியாற்ற வேண்டும். விளையாட்டு வீரர்களுக்குச் சட்டமே ஒரு வழி வைத்திருக்கிறது: ஒலிம்பிக்கில் ஏதாவது ஒரு பதக்கம், அல்லது ஆசிய விளையாட்டில் தங்கம்.

இவருடைய கதையில் அந்தக் கதவு திறந்து திறந்து மூடியது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் கொரியா வெண்கலம் வாங்கியது, இவர் அணியில் இல்லை. 2014 இஞ்சொன் ஆசிய விளையாட்டில் தங்கம், லெவர்குசன் இவரை விடவில்லை. 2016 ரியோ ஒலிம்பிக்கில் இருந்தார்; காலிறுதியில் ஹொண்டுராஸிடம் தோற்றுத் தரையில் விழுந்து அழுதார். 2018-இல் இந்தோனேசியாவில் ஆசிய விளையாட்டு, கிட்டத்தட்ட கடைசி வாய்ப்பு, வயது 26. அது 23 வயதுக்கு உட்பட்டோர் போட்டி. மூன்று பேர் மட்டும் வயதில் மூத்தவர்களாக இருக்கலாம், அதில் ஒருவராகப் போனார். குரூப் சுற்றில் மலேசியாவிடம் தோல்வி. கொரியாவே தலையில் கைவைத்தது.

செப்டம்பர் 1, இறுதிப்போட்டி, எதிரணி ஜப்பான். 90 நிமிடம் கோலே இல்லை. கூடுதல் நேரத்தில் பந்து சோன் காலடியில். அவர் பாக்ஸுக்குள் நகர்த்திக்கொண்டிருக்க, பின்னாலிருந்து பாய்ந்துவந்த லீ சுங்-வூ ஒதுங்கச் சொல்லிக் கத்தியபடியே அதை அப்படியே எடுத்து அறைந்தார். உலகப் புகழ் பெற்ற அண்ணன் ஒதுங்கிக்கொடுத்தார். அடுத்து சோனின் ஃப்ரீ கிக், ஹ்வாங் ஹீ-சானின் தலை. 2-1. சோன் கோல் போடவில்லை, ஆனால் இரண்டு அசிஸ்டும் அவருடையது.

அப்போ ராணுவப் பயிற்சியே இல்லையா?

உண்டு. சலுகை பெற்றவர்களும் அடிப்படைப் பயிற்சி எடுக்க வேண்டும், அதற்குமேல் நூற்றுக்கணக்கான மணி நேரம் சமூக சேவையும் உண்டு. 2020-இல் கொரோனாவால் லீக் நின்றிருந்தபோது, ஜெஜு தீவில் கடற்படைக் காலாட்படை முகாமில் மூன்று வாரம் இருந்தார். மொட்டைக்கு அருகில் முடி வெட்டி, துப்பாக்கி பிடித்து, தன் பிரிவில் முதலிடத்துக்கான விருதோடு வெளியே வந்தார்.

இந்தியாவுக்கு எதிரா ஆடியிருக்காரா?

ஆடியது மட்டுமா! தேசிய அணிக்கு அவருடைய முதல் கோலே நமக்கு எதிராகத்தான். 2011 ஜனவரி 18, தோஹா, ஆசியக் கோப்பை. மாற்று வீரராக இறங்கிய 18 வயதுப் பையன் 81-வது நிமிடம் கொரியாவின் நாலாவது கோலைப் போட்டான். ஆட்டம் 4-1, நமக்கான ஒன்று சுனில் சேத்ரியின் பெனால்டி. சுப்ரதா பால் அன்று கோல் கம்பத்தடியில் பறந்து பறந்து பிடிக்காவிட்டால் எண்ணிக்கை எங்கேயோ போயிருக்கும்.

உலகக் கோப்பையில பெருசா என்ன செஞ்சார்?

மூன்று உலகக் கோப்பை, மொத்தம் மூன்று கோல். 2014-இல் அல்ஜீரியாவுக்கு எதிராக ஒன்று; 2018-இல் மெக்சிகோவுக்கு எதிராகக் கடைசி நேரத்தில் ஓர் அழகான இடதுகால் அடி. இரண்டும் தோற்ற ஆட்டங்கள். மூன்றாவதை உலகமே பார்த்தது: கசான், நடப்புச் சாம்பியன் ஜெர்மனி, 96-வது நிமிடம். ஜெர்மனி கோல்கீப்பர் நொயர் கோல் போடும் ஆசையில் கொரியாவின் பாதி வரை ஏறிவந்து பந்தைப் பறிகொடுக்க, காலி வலையை நோக்கிச் சோன் ஓடி 2-0 ஆக்கினார். ஜெர்மனி முதல் சுற்றிலேயே வீடு திரும்பியது.

2022-இல் கோல் இல்லை. போட்டிக்குச் சில வாரம் முன்பு மார்செய் ஆட்டத்தில் கண்குழி எலும்பு உடைந்து, கறுப்பு முகமூடியோடு ஆடினார். ஆனால் அந்த முகமூடியோடு ஒரு காரியம் செய்தார். அதைக் கடைசிக் கேள்விக்கு வைத்திருக்கிறேன்.

ரொம்ப நல்ல பையன்னு பேரு. களத்துல கோபமே வராதா?

வரும். 2019-இல் மட்டும் மூன்று சிவப்பு அட்டை: போர்ன்மவுத் வீரரைத் தள்ளியதற்கு, எவர்ட்டன் ஆட்டத்தில், செல்சி ஆட்டத்தில் ரூடிகரை உதைத்ததற்கு. நடுவில் உள்ளது மட்டும் வேறு வகை. இவர் பின்னாலிருந்து தடுத்ததில் ஆந்த்ரே கோமெஸ் தடுமாறிப்போய் விழுந்து கணுக்கால் மோசமாக உடைந்தது. சோன் தலையில் கைவைத்து அழுதபடி வெளியேறினார். அந்த அட்டை பின்னர் ரத்தானது. சில நாள் கழித்து பெல்கிரேடில் கோல் போட்டதும் கொண்டாடாமல், கேமராவைப் பார்த்துக் கைகூப்பினார்.

டேபிள் டென்னிஸ் சண்டையில விரல் போச்சாமே?

2024 பிப்ரவரி, ஆசியக் கோப்பை அரையிறுதிக்கு முந்தைய இரவு. சாப்பாட்டை முடித்த இளைய வீரர்கள் சிலர் டேபிள் டென்னிஸ் ஆடக் கிளம்ப, கேப்டன் தடுக்க, லீ காங்-இன்னோடு கைகலப்பாகிவிட்டது. சோனின் விரல் மூட்டு பிசகியது. மறுநாள் விரல்களில் கட்டோடு ஆடினார். ஜோர்டானிடம் 2-0 என்று தோற்றார்கள். பயிற்சியாளர் கிளின்ஸ்மானின் வேலை போனது. மூத்தவர் சொல்லுக்கு இவ்வளவு மதிப்புக் கொடுக்கும் நாட்டில் இது எத்தனை நாள் பேசப்பட்டிருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். லீ லண்டனுக்கே போய் மன்னிப்புக் கேட்டார். மார்ச்சில் பாங்காக்கில் லீ கொடுத்த பந்தில் சோன் கோல் போட்டு, இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டதோடு விவகாரம் ஓய்ந்தது.

கோப்பை ஒண்ணும் இல்லாத ஆளை ஜாம்பவான்னு எப்படிச் சொல்றது?

2025 மே 21 வரை இந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. 2015 ஆசியக் கோப்பை இறுதியில் 90 நிமிடம் தாண்டிச் சேர்க்கப்பட்ட நேரத்தில் சமன் செய்துவிட்டுக் கூடுதல் நேரத்தில் ஆஸ்திரேலியாவிடம் தோல்வி. 2019 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் லிவர்பூலிடம் தோல்வி. 2021 லீக் கோப்பை இறுதியில் மான்செஸ்டர் சிட்டியிடம் தோல்வி. ஆசிய விளையாட்டுத் தங்கம் இருந்ததே என்றால், அது இளையோர் போட்டி என்பார்கள்.

பிறகு பில்பாவோ. யூரோப்பா லீக் இறுதி, மான்செஸ்டர் யுனைடெட் எதிரணி. கால் காயத்திலிருந்து அப்போதுதான் மீண்டிருந்தார். 67-வது நிமிடத்தில்தான் இறங்கினார். பிரெனன் ஜான்சன் போட்ட ஒரே கோல் போதுமானதாக இருந்தது. டாட்டன்ஹாமுக்கு 17 வருடம் கழித்துக் கோப்பை. இடுப்பில் கொரியக் கொடியைக் கட்டிக்கொண்டு கேப்டனாகத் தூக்கினார். கடைசி இருபது நிமிடமும் ஓரத்தில் இறங்கித் தடுப்பு வேலைதான் பார்த்தார், அழகான ஆட்டமே இல்லை. அது யாருக்கு வேண்டும்?

அமெரிக்கா போனது காசுக்குத்தானே?

காசும்தான். அமெரிக்க லீகான எம்எல்எஸ் வரலாற்றில் அதுவரை இல்லாத அதிக விலை, ஏறத்தாழ 2.6 கோடி டாலர் என்று செய்திகள் வந்தன. ஆனால் நேரத்தையும் பாருங்கள். வயது 33, கடைசி சீசனில் லீகில் ஏழே கோல், இத்தனை வருடம் காத்திருந்த கோப்பையும் கைக்கு வந்துவிட்டது. லாஸ் ஏஞ்சலிஸோ கொரியாவுக்கு வெளியே கொரியர்கள் மிக அதிகமாக வாழும் நகரங்களில் ஒன்று. 2026 உலகக் கோப்பையும் அந்தக் கண்டத்தில்தான். இதைவிடப் பொருத்தமான நேரத்தில் யாரும் கிளம்ப முடியாது என்பது என் கருத்து. விடைபெற்றதும் சியோலில்தான்: நியூகாசிலோடு நட்பு ஆட்டம், இரண்டு அணி வீரர்களும் வரிசையில் நின்று கைதட்ட, கண்ணீரோடு வெளியேறினார். போன சில வாரத்தில் டல்லாஸுக்கு எதிராக அடித்த ஃப்ரீ கிக், எம்எல்எஸ்-இன் அந்த ஆண்டின் சிறந்த கோலாகத் தேர்வானது.

சா பும்-குன், பார்க் ஜி-சுங், சோன். யார் பெரிய ஆள்?

கொரியர்களே முடிக்காத சண்டை. பார்க்கிடம் கோப்பைகள் அதிகம்: மான்செஸ்டர் யுனைடெட்டோடு நாலு பிரீமியர் லீக் பட்டம். ஆனால் அவருடைய வேலை ஓடுவதும் அடைப்பதும். சா 1970, 80களில் பண்டஸ்லிகாவில் 98 கோல் போட்டவர். இன்றைய யூரோப்பா லீகின் முன்னோடியான யூஇஎஃப்ஏ கோப்பையை ஃபிராங்க்ஃபர்ட்டோடும் லெவர்குசனோடும் இரண்டு முறை வென்றவர். அவருக்கு ராணுவச் சலுகையும் கிடையாது. ஜெர்மனிக்குப் போய் ஒரே ஆட்டம் ஆடிவிட்டு, பாக்கியிருந்த சேவையை முடிக்க ஊர் திரும்பி, மறுபடி போனவர்.

தேசிய அணிக்கு சாவின் 58 கோலை சோன் இன்னும் தாண்டவில்லை, துரத்திக்கொண்டிருக்கிறார். என் ஓட்டு? முன்னுதாரணமே இல்லாத காலத்தில் அதைச் செய்ததால் சா. உங்கள் ஓட்டு சோனுக்கு என்றால் சண்டைக்கு வரமாட்டேன்.

ஒரே ஒரு மேட்ச் பாக்கணும்னா எது?

2022 டிசம்பர் 2, கத்தார், கொரியா-போர்ச்சுகல். 1-1. ஜெயித்தால்தான் அடுத்த சுற்று பற்றிப் பேசவே முடியும். 90 நிமிடம் தாண்டிவிட்டது. போர்ச்சுகலின் கார்னர் தலையால் வெளியே தள்ளப்பட, சொந்தப் பாதியிலிருந்து சோன் தனியாகக் கிளம்புகிறார். முகமூடி, பின்னால் துரத்தும் ஆட்கள். பாக்ஸை எட்டும்போது மூன்று பேர் சுற்றி வளைத்துவிட்டார்கள். சுடவேண்டிய இடம், அவருடைய இடம். சுடவில்லை. காலைப் பந்தின்மேல் நிறுத்தி ஒரு நொடி தாமதிக்கிறார். ஹ்வாங் ஹீ-சான் ஓடிவருவதை எப்படிப் பார்த்தார் என்று தெரியவில்லை. எதிரே நின்றவரின் இரு கால்களுக்கு நடுவே பந்தை நழுவவிடுகிறார். ஹ்வாங் அடித்தார், 2-1.

விசில் ஊதியதும் டிவியை அணைத்துவிடாதீர்கள். உருகுவே-கானா ஆட்டம் இன்னும் முடியவில்லை. உருகுவே இன்னொரு கோல் போட்டால் கொரியா வெளியே. வீரர்கள் மைதானத்தின் நடுவில் வட்டமாக நின்று ஒரு போனில் அந்த ஆட்டத்தின் கடைசி நிமிடங்களைப் பார்க்கிறார்கள். உருகுவே 2-0-வோடு நின்றது. புள்ளியும் சமம், கோல் வித்தியாசமும் சமம். போட்ட கோல் கொரியாவுக்கு நாலு, உருகுவேக்கு இரண்டு. அடுத்த சுற்றில் பிரேசில் 4-1 என்று உரித்துவிட்டது, அந்த ஆட்டத்தைப் பார்க்க வேண்டியதில்லை.